'மோட்டார் ஓடல': இவ்வளவு தெரிஞ்சா போதுமா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடை ஒரு ஸ்க்ரீன்ல இருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் கண்ணை மூடிக் கற்பனை பண்ணிக்கோங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேக்கறவங்க மட்டும் தயவுசெஞ்சு கண்ணைத் திறந்து வச்சே கற்பனை பண்ணுங்க.

ஒரு போன் ஸ்க்ரீன். மேல வாடிக்கையாளர் பெயர். அடுத்து ஊர்: செந்துறை பக்கம். அடுத்து பிரச்சினை: "மோட்டார் ஓடல." நேரம்: காலை 10 முதல் 12. அடியில பச்சைக் கலர்ல பெரிய பட்டன், "ஏற்கிறேன்". அதுக்குப் பக்கத்துல சின்னதா, சாம்பல் கலர்ல "மறுக்கிறேன்". மூலையில ஒரு வட்டம், 45 செகண்ட்ல இருந்து குறைஞ்சுக்கிட்டே வருது.

கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு ஸ்க்ரீனுக்கு கோட் எழுதினவன் நான்.

எந்தக் கம்பெனினு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். என்னோட முதல் வேலை. வீட்டுக்கு வந்து ரிப்பேர் பண்ற டெக்னீஷியன்களுக்கான ஆப். அதுல "வேலை நடக்கும் இடம் பற்றி" அப்படின்னு ஒரு பெட்டி முதல்ல இருந்துச்சு. அதைக் கட்டாயம் இல்லைன்னு ஆக்கி, "மேலும்" அப்படிங்கற லிங்க்குக்கு உள்ள தள்ளிவிட்டது நான்தான். காரணம் ரொம்ப சிம்பிள். புக் பண்றவங்ககிட்ட ஒரு கேள்வி கூடுதலா கேட்டா, அதுல கொஞ்ச பேர் பாதியிலேயே ஓடிடறாங்க. அந்த நம்பர் எங்க டாஷ்போர்டுல பளிச்சுனு தெரிஞ்சுது. டெக்னீஷியன் எத்தனை தடவை போய்ட்டு சும்மா திரும்பி வர்றார்ங்கற நம்பர் எந்த டாஷ்போர்டுலயும் கிடையாது. இல்லாத நம்பரைப் பத்தி மீட்டிங்ல யாரும் பேசறதில்ல.

இதுல தப்பு இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சது ஆபீஸ்ல இல்ல. ஊர்ல, ஒரு பைக்கோட பின் சீட்டுல.

பின் சீட்டுல ஒரு நாள்

எனக்கு ஊர் பெரம்பலூர். பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், அங்க டெக்னீஷியனா இருக்கார். நீர்மூழ்கி மோட்டார், சோலார் பம்ப், இன்வெர்ட்டர் எல்லாம் பார்ப்பார். பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டமும் அவருக்கு ஒரே ஏரியா. ஒரு பொங்கல் லீவுல வீட்டுல சும்மா உக்காந்திருந்தவனை, "வாடா, ஊரைச் சுத்திப் பார்க்கலாம்"னு வண்டியில ஏத்திக்கிட்டார்.

டிக்கெட் வந்துச்சு. வேற கம்பெனி ஆப் அது. ஆனா ஸ்க்ரீன் அச்சு அசலா எங்களோடது மாதிரியே. "மோட்டார் ஓடல." அண்ணன் பச்சையை அழுத்தினார்.

பெரம்பலூர்ல இருந்து அரியலூர் 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அங்க இருந்து செந்துறை இன்னும் 20 கிலோமீட்டர்கிட்ட. அரியலூரைச் சுத்தி சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் இருக்கறதால ரோடு முழுக்க டிப்பர் லாரி. முகத்துல கர்ச்சீப் கட்டிக்கிட்டுதான் போகணும்.

ஆப்ல இருந்த லொக்கேஷன் பாயிண்ட் ஒரு ஓட்டு வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்துச்சு. வீடு பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டு அக்கா, "அவங்க கொல்லையில இருக்காங்க தம்பி"ன்னாங்க. அந்தப் பக்கத்துல கொல்லைன்னா வீட்டுக்குப் பின்னாடி இருக்கற தோட்டம் இல்ல, புன்செய் நிலம். இன்னும் ரெண்டு கிலோமீட்டர், மண் பாதை, ரெண்டு பக்கமும் முந்திரி. போன்ல டவர் இல்ல. மூணு பேருகிட்ட வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

அங்க ஒரு பாட்டி மட்டும்தான். கடலை போட்டிருக்காங்க. மோட்டார் நின்னு ஒன்பது நாள் ஆச்சு, செடி வாட ஆரம்பிச்சிருக்கு. அண்ணன் ஸ்டார்ட்டரைப் பார்த்தார், மீட்டர் வச்சு செக் பண்ணினார். மேல எல்லாம் சரியா இருக்கு, கோளாறு உள்ள. மோட்டாரை வெளிய எடுத்தாகணும்.

"போர் எவ்வளவு ஆழம் ஆத்தா?"

"நானூத்தி இருவது அடினு பையன் சொன்னான்."

இரும்புக் குழாய், ஜி.ஐ. பைப். ஒரு பைப் 20 அடி. 420 அடின்னா 21 பைப். ஒவ்வொண்ணா தூக்கி, பூட்டு போட்டு நிறுத்தி, மரையைக் கழட்டி, ஓரமா அடுக்கணும். அதுக்கு மோட்டார் தூக்குற வண்டி வேணும், இல்லன்னா செயின் பிளாக்கோட நாலு ஆள் வேணும். அங்க இருந்தது ஒரு டெக்னீஷியன், ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர், ஒரு பாட்டி.

வண்டியை வரவழைக்க செலவாகும். பாட்டி சொன்னாங்க, "பையன் சிங்கப்பூர்ல இருக்கான், அவன்கிட்டதான் கேக்கணும்." அந்த நேரம் பையன் போனை எடுக்கல. பாட்டி எங்க ரெண்டு பேருக்கும் மோர் குடுத்தாங்க. குடிச்சிட்டுத் திரும்பினோம். கிளம்பும்போது அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அப்ப நாளைக்கு வந்துருவீங்களா சாமி?"

அண்ணன் ஆப்பைத் திறந்து "வேலை முடியவில்லை"னு போட்டார். காரணம் கேட்டுச்சு. வாடிக்கையாளர் இல்லை, உதிரிபாகம் இல்லை, டெக்னீஷியன் தாமதம். மூணுதான் இருந்துச்சு. "எனக்கு யாரும் சொல்லவே இல்ல"ங்கற ஆப்ஷன் இல்ல. அவர் "உதிரிபாகம் இல்லை"யை அழுத்தினார். அவரோட ஸ்கோர் இறங்குச்சு. போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல, ரெண்டு லிட்டர் பெட்ரோல், அரை நாள். வருமானம் சைபர்.

நல்லா கவனிங்க, இதுல யாருமே கெட்டவங்க இல்ல. பாட்டி பொய் சொல்லல, அண்ணன் சோம்பேறி இல்ல. நாலே நாலு கேள்வியை முந்தின நாள் கேட்டிருந்தா வண்டியோட போயிருக்கலாம். கடலை அன்னிக்குச் சாயங்காலமே தண்ணி குடிச்சிருக்கும்.

எனக்கு எல்.சி. யாருடா குடுக்கறா?

வரும்போது அரியலூர்ல டீக்கடையில நிறுத்தினோம். நான் கேட்டேன், "அண்ணே, பச்சை பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி உனக்கு என்னென்ன தெரியணும்?"

அவர் உடனே பதில் சொல்லல. ரோட்டுல ஒரு மின்கம்பத்தைக் காட்டினார். "ஈ.பி. லைன்மேன் எல்.சி. வாங்காம அதுல ஏறுவாரா?"

எல்.சி.ன்னா லைன் கிளியர். இந்த லைன்ல கரண்ட்டை நிறுத்தியாச்சு, நீ வேலை பார்க்கலாம்னு சப்-ஸ்டேஷன்ல இருந்து உறுதி வாங்கறது. அது இல்லாம கம்பத்துல கை வைக்கக் கூடாது.

"எனக்கு எல்.சி. யாருடா குடுக்கறா? ஒரு இடத்துல ஸ்டார்ட்டர் சரியில்லன்னு அதைத் தாண்டி டைரக்டா ஒயர் குடுத்து வச்சிருந்தாங்க. ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு, ஆனா மோட்டார் ஒயர்ல கரண்ட் இருக்கு. நான் எப்பவும் டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுதான் கை வைப்பேன், அதனால தப்பிச்சேன். 'சும்மா தற்காலிகமா குடுத்திருந்தோம் தம்பி'ன்னாங்க. அதை போன்லயே சொல்லியிருக்கலாம்ல?"

லைன் கிளியர்ங்கற வார்த்தை ரயில்வேயிலயும் உண்டு. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதையில வேற ரயில் இல்லன்னு உறுதியானாதான் ஒரு ரயிலை அனுப்புவாங்க. நாங்க உக்காந்திருந்த அதே அரியலூருக்கும் அதுல ஒரு வரலாறு இருக்கு. 1956 நவம்பர் 23, விடிகாலை. சென்னையில இருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி கல்லகத்துக்குப் போற வழியில மருதையாற்றுப் பாலத்துல கவிழ்ந்துச்சு. கனமழை, ஆத்துல வெள்ளம், பாலம் பலவீனமாகிடுச்சு. 140 பேருக்கு மேல இறந்தாங்க. அதுக்குப் பொறுப்பேத்துதான் ரயில்வே அமைச்சரா இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணினார். இதைப் பள்ளிக்கூடத்துல நேர்மைக்கு உதாரணமா நாம எல்லாரும் கேட்டிருக்கோம்.

எனக்கு அதுல தோணின விஷயம் வேற. லைன் கிளியர்னா முன்னாடி வேற ரயில் இல்லன்னு மட்டும்தான் அர்த்தம். பாலத்துக்கு அடியில என்ன நடக்குதுன்னு அது சொல்லாது. அதனாலதான் இன்னிக்கும் மழைக்காலத்துல ரயில்வே தண்டவாளத்துல ஆளை நடக்க விட்டு ரோந்து பார்க்குது, பாலத் தூண்கள்ல அபாய அளவுக்குக் கோடு போட்டு வச்சிருக்கு. இடத்துல இருக்கறவங்க பார்த்துச் சொன்னாதான், வர்றவங்களுக்குத் தெரியும். ஆப் சொல்ற "10 முதல் 12 ஸ்லாட் இருக்கு"ங்கறதும் பாதி லைன் கிளியர்தான். நேரம் காலியா இருக்கு, சரி. இடம் எப்படி இருக்கு?

அண்ணன் விரல் விட்டு எண்ணினது

அதுக்கப்புறம் அவர் ஒவ்வொண்ணா சொன்னார். நான் போன்ல டைப் பண்ணிக்கிட்டேன்.

ஒண்ணு, சரியான இடம். வீடு இல்ல, மோட்டார் இருக்கற இடம். அங்க நின்னுக்கிட்டே வாட்ஸ்அப்ல லொக்கேஷன் அனுப்பணும். டவர் இல்லன்னா எந்தக் கோயில், எந்த ரேஷன் கடைக்கு அப்புறம் திரும்பணும்னு வாய்ஸ் மெசேஜ் போட்டுடணும்.

ரெண்டு, பாதை. பெரம்பலூர் பக்கம் பருத்தி, மக்காச்சோளம் விளையற கரிசல் மண் நிறைய. காய்ஞ்சா கல்லு, மழை பெஞ்சா பசை. சேறு மட்கார்டுல அடைச்சு சக்கரமே சுத்தாது. மோட்டார் தூக்குற வண்டி உள்ள வருமா, எது வரைக்கும் வரும்?

மூணு, என்ன இருக்கு. எத்தனை எச்.பி., சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, போர் ஆழம், இரும்பு பைப்பா பிளாஸ்டிக் ஹோஸா, கடைசியா எப்ப மோட்டாரை வெளிய எடுத்தாங்க. உதிரிபாகம் நிறைய திருச்சியில இருந்து பஸ்ல வர வேண்டியிருக்கும். போய்ப் பார்த்துட்டு ஆர்டர் போட்டா ஒரு நாள் போச்சு.

நாலு, கரண்ட். சோலாரா, ஈ.பி.யா, ரெண்டுமா? 2019-ல மத்திய அரசோட பி.எம். குசும் திட்டம் வந்ததுக்கு அப்புறம் மானியத்துல சோலார் பம்ப் போட்டவங்க நிறைய. தமிழ்நாட்டுல வேளாண்மைப் பொறியியல் துறை மூலமா அது நடக்குது. சோலார்ல ஒரு சிக்கல், சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது. வெயில் இருக்கற வரைக்கும் பேனல் ஒயர்ல சில நூறு வோல்ட் டி.சி. இருந்துக்கிட்டே இருக்கும். சாதாரண மோட்டார்னு நினைச்சுப் போய் இறங்கற ஆளுக்கு இது பெரிய வித்தியாசம். வாரண்டியில இருக்கா, ஏற்கெனவே யாராவது பெட்டியைத் திறந்தாங்களான்னும் தெரியணும்.

அஞ்சு, ஏறணுமா, இறங்கணுமா? எத்தனையாவது மாடி, ஏணி இருக்கா, மாடியில கைப்பிடிச் சுவர் இருக்கா? இறங்கறதுன்னா கிணறா, சம்ப்பா, இல்ல கழிவுநீர்த் தொட்டியா? இது கடைசில சொல்ற விஷயம் இல்ல, முதல்ல சொல்ற விஷயம். செப்டிக் டேங்க்ல ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அளவு அதிகமானா மூக்கு மரத்துப் போயிடும், நாத்தமே தெரியாது. நாத்தம் இல்லன்னு நம்பி இறங்கறவங்க திரும்பி வர்றதில்ல. பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை அதுக்குள்ள இறக்கறது 2013-ம் வருஷ சட்டப்படி குற்றம். ஆனா டிக்கெட்ல அது "மோட்டார் ரிப்பேர்"னுதான் வரும்.

ஆறு, உள்ள விடுவாங்களா? ஒரு ஆலைக்கு இன்வெர்ட்டர் பார்க்கப் போனப்போ, சேஃப்டி ஷூ இல்லன்னு கேட்லயே நிறுத்திட்டாங்க. அவங்க செஞ்சது சரிதான். ஆனா அது முந்தின நாளே தெரிஞ்சிருக்கணும். கேட் பாஸ், அடையாள அட்டை, ஹெல்மெட், ஷூ, இ.எஸ்.ஐ. நம்பர், உயரத்துல வேலைன்னா பெர்மிட். சுரங்கம்னா இன்னும் கண்டிப்பு. அங்க வேலை பார்க்கறவங்களுக்கு முன்கூட்டியே பயிற்சி குடுக்கணும்னு 1966-லயே விதி வந்தாச்சு.

ஏழு, யார் இருப்பாங்க? செலவுக்குச் சரின்னு சொல்றவர் அங்க இருக்கணும், இல்ல போன்ல கிடைக்கணும். சாவி யார்கிட்ட? நாய் கட்டியிருக்கா? ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள குளவிக் கூடு இருக்கா? சிரிக்காதீங்க, அண்ணன் கையில அந்தத் தழும்பு இருக்கு.

எட்டு, காசு. போய்ப் பார்த்துட்டு வேலை செய்ய முடியலன்னா வந்துபோன செலவு யாரோடது?

"அப்படின்னா கஷ்டமான வேலைக்கு யாரும் வர மாட்டாங்களே?"

நான் இன்ஜினியர் ஆச்சே, உடனே எதிர்க்கேள்வி கேட்டேன். எல்லாத்தையும் முன்கூட்டியே காட்டினா நல்ல வேலையை மட்டும் பொறுக்கி எடுப்பாங்க, தூரத்துல இருக்கற கொல்லைக்கு யாரும் போக மாட்டாங்க. எங்க கம்பெனியிலயும் இதைத்தான் சொன்னாங்க.

நீங்களும் நானும் இதை வேற இடத்துல அனுபவிச்சிருக்கோம். கேப் புக் பண்ணினதும் ட்ரைவர் போன் பண்ணி, "எங்க சார் போகணும்? கேஷா ஆன்லைனா?"ன்னு கேட்டுட்டு கேன்சல் பண்ணுவார். நாம ட்ரைவரைத் திட்டினோம். 2022-ல ஊபர் இந்தியாவுல ட்ரிப்பை ஏத்துக்கறதுக்கு முன்னாடியே போற இடத்தை ட்ரைவருக்குக் காட்ட ஆரம்பிச்சுது. அதாவது, அவர் போன் பண்ணிக் கேட்டது அடாவடி இல்ல, ஸ்க்ரீன்ல இருக்க வேண்டிய தகவல்னு கம்பெனியே ஒத்துக்கிட்டுது.

அண்ணன் பதில் இன்னும் நேரா இருந்துச்சு. "கஷ்டமான வேலைக்கு ஆள் வரலன்னா கூலி பத்தலன்னு அர்த்தம். மறைச்சு வச்சு வரவழைச்சா அந்த மீதிக் கூலியை என் பாக்கெட்ல இருந்து எடுக்கறாங்கன்னு அர்த்தம்."

இதைத்தான் நான் இன்னிக்கு உங்ககிட்ட சொல்ல வந்தேன். தகவலைக் கேக்காம விட்டா செலவு மறையாது, இடம் மாறும். புக் பண்றவரோட ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பண்ணிக் குடுத்தேன்னு நான் பெருமைப்பட்டேன். அது ஒருத்தரோட அரை நாளா, ரெண்டு லிட்டர் பெட்ரோலா, சில நேரம் உயிர் ஆபத்தா வேற இடத்துல போய் விழுந்துச்சு. அந்த இடம் என் டாஷ்போர்டுல இல்ல, அவ்வளவுதான்.

நான் என்ன பண்ணினேன்?

பெருசா ஒண்ணும் இல்ல. லீவு முடிஞ்சு போய் அந்தப் பெட்டியைத் திரும்ப வெளிய கொண்டு வரணும்னு பேசினேன். "அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்"ன்னாங்க. நான் அங்க இருந்த வரைக்கும் அந்த குவார்ட்டர் வரல.

அண்ணனுக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் தயார் பண்ணிக் குடுத்தேன். எட்டு கேள்வியை எல்லாருகிட்டயும் கேக்க முடியாது. எச்.பி. தெரியாத பாட்டிகிட்ட எச்.பி. கேட்டுப் பிரயோஜனம் இல்ல. அதனால மூணு போட்டோ, ஒரு லொக்கேஷன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்காம வெளியில இருந்து ஒரு போட்டோ, போர் வாய் தெரியற மாதிரி ஒண்ணு, வண்டி வர்ற பாதையில ஒண்ணு. போர் வாயைப் பார்த்தாலே பைப் என்னன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் ரெண்டே கேள்வி: உள்ள எங்கயாவது இறங்கணுமா? செலவுக்கு யார்கிட்ட பேசணும்? பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட போனைக் குடுத்தா அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடறாங்க. 45 செகண்ட் ஆப்ல இதுக்கு நேரம் இல்ல. அதனால தெரிஞ்சவங்க மூலமா நேரா வர்ற வேலைகளுக்கு மட்டும் இது உதவுது. அதுவே அவருக்குப் பெரிய விஷயமா இருக்கு.

பாட்டி கதை என்ன ஆச்சுனு கேப்பீங்க. ராத்திரி சிங்கப்பூர்ல இருந்து பையன் போன் பண்ணினார். அண்ணன் நாலு கேள்வி கேட்டார், ரெண்டு நாள் கழிச்சு வண்டியோட போனார். ஆப் வழியா இல்ல, நேரா. கடலை பாதி தேறுச்சு.

உங்ககிட்ட ஒரு சின்ன வேண்டுகோள். சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ அடுத்த தடவை ஏ.சி. சர்வீஸ் புக் பண்ணும்போது, ஆப் கேக்கலன்னாலும் நீங்களா நாலு வரி எழுதுங்க. எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கா. அவுட்டோர் யூனிட் எங்க தொங்குது, நின்னு வேலை பார்க்க இடம் இருக்கா. செக்யூரிட்டி கேட்ல என்ன கேப்பாங்க, வண்டியை எங்க நிறுத்தலாம். முன்னாடி யார் வந்து என்ன பண்ணினாங்க. முடிஞ்சா ஒரு போட்டோ. இந்த மாதிரி ஆப் எழுதற வேலையில இருக்கற நண்பர்கள் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, "வேலை முடியவில்லை"க்குக் கீழ ஒரு நாலாவது காரணத்தைச் சேருங்க: "இடத்தைப் பற்றிச் சொல்லப்படவில்லை." முதல்ல அதை எண்ண ஆரம்பிங்க. எண்ணினாதான் மீட்டிங்ல பேசுவாங்க.

உங்க வீட்டுலயும் இப்படி வேலைக்குப் போற அண்ணனோ அக்காவோ மாமாவோ இருந்தா, அவங்க பட்டியல்ல ஒன்பதாவது என்னன்னு கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.